ஒண்ணும் வேணாம்

சாக்பீஸ் டப்பாவுக்குள் இருபத்து மூன்று சீட்டுகள் கிடந்தன. சுடர்விழி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேசை மேல் கவிழ்த்தாள்.

"சீக்கிரம் பிரிடி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து கத்தினான் கார்முகில்.

"பொறுடா. தேர்தல்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள் சுடர்விழி. உண்மையில் அவனைவிட அவளுக்குத்தான் அவசரம். வகுப்புத் தலைவி என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

விஷயம் இதுதான். அன்னவாசலில் நடந்த பள்ளிகளுக்கான கலைப் போட்டியில், இந்த ஐந்தாம் வகுப்புக்குக் கும்மியில் முதல் பரிசு கிடைத்திருந்தது. பெண்கள் பதினோரு பேரும் கும்மியடித்தார்கள். பையன்கள் பன்னிரண்டு பேரும் பின்னால் நின்று பாடினார்கள். அய்யப்பன் மட்டும் மூன்றாவது வரியை இரண்டாவதாகப் பாடிவிட்டான். நடுவர்கள் அதை ஏதோ புது பாணி என்று நினைத்துத் தலையாட்டினார்கள். பரிசு இரண்டாயிரம் ரூபாய்.

அந்தப் பணம் இருந்த கவரை அருணா டீச்சர் செவ்வாய்க்கிழமை வகுப்பில் காட்டினார். அவர் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். போன ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு மாறி வந்தார்.

"இது நீங்க ஆடிப் பாடி வாங்குன காசு. இதுல என்ன வாங்குறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை நான் புதுக்கோட்டையில கீழராஜ வீதிக் கடைகளுக்குப் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிட்டா வாங்கிட்டு வந்துருவேன்" என்றார்.

உடனே சுடர்விழி எழுந்து போய்க் கரும்பலகையில் 'நமக்கு என்ன வேணும்?' என்று பெரிதாக எழுதினாள். ஆளுக்கொரு சீட்டு. பெயர் போடக் கூடாது.

இப்போது சீட்டுகளைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள்.

"ஸ்பீக்கர். ஸ்பீக்கர். ஃபுட்பால். ஸ்பீக்கர்…"

ஒவ்வொரு 'ஸ்பீக்கரு'க்கும் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அந்த ஸ்பீக்கரை அவள் அன்னவாசல் செல்போன் கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறாள். பாட்டுப் போட்டால் நாலு பக்கமும் கலர் கலராக விளக்கு எரியும். விலை சரியாக இரண்டாயிரம். பஸ் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் மூக்கு நசுங்க எட்டிப் பார்ப்பாள். அடுத்த மாதம் ஆண்டு விழா. அந்த விளக்கு வெளிச்சத்தில் கும்மியடிப்பதை அவள் எத்தனையோ தடவை மனதுக்குள் ஆடிப் பார்த்துவிட்டாள்.

"ஃபுட்பால். ஸ்பீக்கர். பிரியாணி…" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருடா பிரியாணி?"

எல்லோரும் அய்யப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். "பேரு போடக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல!" என்றான் அவன்.

கடைசியில் ஸ்பீக்கருக்குப் பதிமூன்று, ஃபுட்பாலுக்கு எட்டு, பிரியாணிக்கு ஒன்று. ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. சுடர்விழி அதைப் பிரித்தாள்.

'ஒண்ணும் வேணாம்.'

வகுப்பே சிரித்தது. "யாரு அந்த வள்ளல்? அவுங்க பங்கையும் எனக்குக் குடுத்துருங்க" என்றான் கார்முகில்.

சுடர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். எல்லா எழுத்தும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படி எழுதுவது அவள் பக்கத்தில் உட்காரும் ஷர்லிதான். ஷர்லி தலையைக் குனிந்து நோட்டில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் அழிக்க ஒன்றுமே இல்லை.

ஷர்லி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முன்பு திருப்பூரில் படித்தாள். அவள் அம்மா அடைக்கலமேரி அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் ஷர்லி அதிகமாகச் சொன்ன வார்த்தை 'வேணாம்'தான். ரப்பர் வேணுமா? வேணாம். நெல்லிக்காய் வேணுமா? வேணாம். ஜன்னல் ஓரத்தில் உட்காரணுமா? வேணாம். இவளுக்கு எதுவுமே பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் சுடர்விழி இதுவரை நினைத்திருந்தாள். ஆனால் ஓட்டுச் சீட்டில்கூட வேணாம் என்று எழுதுவார்களா?

அன்றைக்குப் பூராவும் அந்தச் சீட்டு அவள் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்பீக்கர் ஜெயித்த சந்தோஷம்கூடக் கொஞ்சம் குறைந்துதான் போனது.

மறுநாள் புதன்கிழமை. பதினோரு மணிக்குத் தண்ணீர் மணி அடித்தது. பாடத்துக்கு நடுவில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே அடிக்கிற மணி அது. எல்லோரும் பாட்டிலைத் தூக்கினார்கள். ஷர்லியும் தூக்கினாள், அண்ணாந்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஷர்லியின் பாட்டிலில் ஒரு பட்டாம்பூச்சிப் படம் ஒட்டியிருக்கும். காலையில் தண்ணீர் அந்தப் பட்டாம்பூச்சியின் தலை வரை இருந்தது. இப்போதும் தலை வரைதான் இருந்தது.

சுடர்விழி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மதியம் பார்த்தாள். மூன்று மணித் தண்ணீர் மணிக்கும் பார்த்தாள். ஷர்லி ஒவ்வொரு தடவையும் பாட்டிலைத் தூக்கினாள், அண்ணாந்தாள், வாயைத் துடைத்தாள். பட்டாம்பூச்சி அன்று முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

வெயில் கொளுத்துகிற மாசி மாதம். மற்றவர்கள் எல்லாம் பாட்டிலை இரண்டு தடவை நிரப்பியாகிவிட்டது.

சாயங்காலம் மணி அடித்ததும் சுடர்விழி ஷர்லியை வாசல் புங்க மரத்தடியில் நிறுத்தினாள்.

"ஷர்லி, நீ ஏன் தண்ணி குடிக்கல?"

"குடிச்சேனே."

"பட்டாம்பூச்சித் தல முழுகவும் தண்ணி இருக்கு. காலையில இருந்த மாதிரியே."

ஷர்லி பாட்டிலைப் பைக்குள் தள்ளினாள். "எனக்குத் தாகமே எடுக்காது" என்றாள். அவள் உதடு காய்ந்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தது.

"ஒனக்கு எதும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு சுடர்விழி நாலு எட்டு நடந்தாள். ஐந்தாவது எட்டில் ராசாத்தி அத்தை ஞாபகம் வந்தது.

போன முழுப்பரீட்சை லீவில் கீரமங்கலத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை ஒரு பெரிய பலாப்பழத்தை அறுத்து, சுளையை எடுத்துத் தட்டு நிறைய நீட்டினார். சுடர்விழிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் "வேணாம் அத்தை" என்றாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வேணாம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கி வைத்திருந்தார். அத்தை மறுபடி நீட்டினார். மறுபடியும் "வேணாம்" என்றாள். அத்தை சிரித்துக்கொண்டே தட்டை அவள் மடியிலேயே வைத்துவிட்டார்.

"மொத வேணாம் ஒங்கம்மா சொல்லிக் குடுத்தது. ரெண்டாவது வேணாம் வெக்கம். இப்ப மூணாந்தடவ கேக்கிறேன். வேணுமா?"

"வேணும் அத்தை!" என்று சொல்லி, அன்றைக்குப் பதினேழு சுளை தின்றாள். ராத்திரி வயிறு வலித்தது வேறு கதை.

தானே வாயால் வேணாம் என்று சொல்லிவிட்டு மனதுக்குள் வேணும் என்று நிற்கிற ஆள். அப்படியிருக்க, ஷர்லியின் வேணாமை மட்டும் ஏன் இத்தனை நாளாக அப்படியே நம்பினோம்? சுடர்விழிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. திரும்பி வந்தாள்.

"நெசமாத்தான் கேக்கிறேன் ஷர்லி. எதும் வேணுமா?"

"வேணாம் சுடர்." குரல் இப்போது கொஞ்சம் சன்னமாக வந்தது.

சுடர்விழி பையை இறக்கி வைத்துவிட்டு, மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வீட்டுக்குப் போகல. இங்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கப் போறேன். மூணாந்தடவ கேக்கிறேன். என்ன வேணும்?"

ஷர்லியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். புங்க இலை ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தாள்.

"கதவு வேணும்" என்றாள்.

"கதவா?"

"பாத்ரூம் கதவு."

சுடர்விழிக்கு உடனே புரிந்தது. பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே பாத்ரூம். அதன் தகரக் கதவில் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. கீலும் ஆடிப்போய்க் கதவு நிலையில் சேராது. அதற்காகப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இருப்பவள் பாடிக்கொண்டே இருப்பாள். பாட்டு கேட்கிறவரை யாரும் கதவைத் தள்ளக் கூடாது. இவர்கள் கும்மிப் பாட்டில் முதல் பரிசு வாங்கியதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

சுடர்விழிக்கு ஜோடி சரண்யா. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஜோடி உண்டு. பத்துப் பேருக்கு ஐந்து ஜோடி. ஷர்லி பதினோராவது ஆள்.

"மொத வாரம் தனியாத்தான் போனேன்" என்றாள் ஷர்லி. "மூணாங்கிளாஸ் புள்ள ஒண்ணு தெரியாமக் கதவைத் தள்ளிருச்சு. வெளிய எல்லாரும் நின்னாங்க. அதுக்கப்புறம் நான் போறதில்ல. தண்ணி குடிச்சாத்தானே போகணும்? அதான் குடிக்கிறதில்ல."

"எங்ககிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"நீ மொத நாளே வந்து, தொணைக்கு வரவான்னு கேட்ட. நான்தான் வேணாம்னேன். யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

சுடர்விழிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. வேணாம் என்றதும் 'சரி' என்று ஓடியே போய்விட்டாள். அன்று இரண்டாவது தடவை கேட்டிருந்தால்?

"நாளையிலேர்ந்து நம்ம மூணு பேராப் போவோம். நான், நீ, சரண்யா."

"பத்து நிமிச இன்டர்வெல்ல மூணு பேரு போய்ட்டு வர முடியுமா? அதுவும் நீ லீவு போட்டா?"

போன வாரம்தான் காய்ச்சல் என்று சுடர்விழி மூன்று நாள் லீவு போட்டிருந்தாள்.

"இதச் சீட்டுல எழுதியிருக்கலாமே ஷர்லி."

"எல்லாரும் ஸ்பீக்கரு, பந்துன்னு எழுதுறாங்க. நான் பாத்ரூம் கதவுன்னு எழுதவா? பிரியாணிக்கே அம்புட்டுச் சிரிப்பு. யார்கிட்டயும் சொல்லிராத."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

சத்தியம் செய்துவிட்டாளே தவிர, வீட்டுக்கு நடக்கும்போது அதுதான் பெரிய தலைவலியாக இருந்தது. யாரிடமும் சொல்லவும் கூடாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. போதாக்குறைக்கு அந்த ஸ்பீக்கர் வேறு கண்ணுக்குள் பச்சையும் சிவப்புமாக எரிந்தது.

எனக்கு ஸ்பீக்கர் வேணும். ஷர்லிக்குக் கதவு வேணும். இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? ஓட்டில் ஸ்பீக்கர் ஜெயித்துவிட்டது. அதை எதற்கு மாற்ற வேண்டும்?

வாய்க்கால் பாலத்தில் நின்று யோசித்தாள். ஸ்பீக்கர் இல்லாமல் பத்து வருஷமாக இருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. கதவு இல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் சரண்யா இருந்தாளே.

'நாளைக்கு நான் பதினோராவது ஆளா இருந்து பாக்குறேன்' என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் அம்மா அழகம்மாள் உப்புமாவும் காரச் சட்னியும் செய்திருந்தார். அன்றைக்கென்று பார்த்துச் சட்னியில் ஒரு மிளகாய் அதிகம். பள்ளிக்குப் போனதும் சுடர்விழி பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் மணி அடித்தது. குடிக்கவில்லை. இன்டர்வெல்லில் சரண்யா கூப்பிட்டாள். போகவில்லை.

மதியச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்குவேனா என்றது. இரண்டு மணிக்குத் தலை வலித்தது. அந்த நேரம் பார்த்து அருணா டீச்சர் கணக்குப் போட்டார். "ஒரு தொட்டியில நிமிசத்துக்கு அஞ்சு லிட்டர் தண்ணி விழுது…"

டீச்சர் தண்ணி என்று சொல்லும்போதெல்லாம் சுடர்விழி எச்சில் விழுங்கினாள். விழுங்க எச்சிலும் இல்லை. தொட்டி எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று கேட்டபோது, "குடிச்சே தீத்துருவேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஷர்லி மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்தாள்.

நாலு மணிக்கு வீட்டுக்கு ஓடினாள். மூன்று செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தாள். ஒரே நாள். ஷர்லி இப்படி இரண்டு மாதம் இருந்திருக்கிறாள். சுடர்விழிக்கு அழுகை வந்தது. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அருணா டீச்சர் பேனாவை எடுத்தார். "ஸ்பீக்கர்தானே? எந்தக் கலர்னு சொல்லு சுடர். நாளைக்கு வாங்கிருவோம்."

சுடர்விழி எழுந்தாள். "டீச்சர், நான் என் ஓட்டை மாத்திக்கிறேன்."

"எதுக்கு?"

"ஸ்பீக்கர் வேணாம். பாத்ரூம் கதவ ரிப்பேர் பண்ணணும்."

பின்னால் யாரோ 'களுக்' என்றார்கள். அது பெஞ்சுக்குப் பெஞ்சு பரவியது. சுடர்விழிக்குக் காது இரண்டும் சூடானது. ஷர்லி பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

"சிரிக்கிறவுங்க சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்" என்றாள். சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து ஒரு நாள் நான் பாத்ரூம் போகாம இருந்து பாத்தேன். அதுக்காகத் தண்ணியே குடிக்கல. மத்தியானம் கரும்பலகையில எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. அந்தக் கதவ இழுத்துப் புடிக்க ஆளு இல்லேன்னா யாருக்கும் இதான் கதி."

சரண்யா சட்டென்று எழுந்தாள். "அதான் நேத்து என்கூட வரலியா? டீச்சர், போன வாரம் இவ காய்ச்சல்ல லீவு. அந்த மூணு நாளும் நானும் போகல. யாருகிட்டயும் சொல்லல. எனக்கும் கதவு வேணும்."

"எனக்கும்" என்றாள் இன்னொருத்தி. "எனக்குந்தான்" என்று ஒரு குரல். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியாகச் சுடர்விழியின் பக்கத்தில் பெஞ்சு லேசாகக் கிரீச்சிட்டது. ஷர்லி எழுந்து நின்றாள். எல்லோரும் நின்றதால், அவள் நின்றதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

கார்முகில் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்க பக்கம் கதவே கெடையாது. செவுருதான் இருக்கு. நாங்க எதும் கேட்டமா?"

இந்தத் தடவை பெண்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "சுடர், அது பள்ளிக்கூடம் செய்ய வேண்டிய வேலைப்பா. இது ஒங்க பரிசுக் காசு. கதவப் பத்தி ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறதா ராஜலட்சுமி டீச்சர் சொன்னாங்க" என்றார். ராஜலட்சுமி டீச்சர்தான் தலைமையாசிரியர்.

"எப்ப டீச்சர் எழுதுனாங்க?"

"போன மழைக்காலத்துல."

"அவுங்க செய்றப்பச் செய்யட்டும் டீச்சர். ஆனா திங்கக்கிழமையும் தண்ணி மணி அடிக்குமே."

அருணா டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "இருங்க, வாரேன்" என்று வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கை முழுவதும் துரு.

"எங்களுக்கு ஆபீஸ் பக்கத்துல தனி பாத்ரூம் இருக்கு. நான் ஜூன்லேர்ந்து அந்தப் பக்கமே போய்ட்டு வந்துட்டேன். இந்தக் கதவ இன்னைக்குத்தான் தொட்டுப் பாக்குறேன்" என்றார். "என்னை மன்னிச்சுக்கங்க."

டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. "பரவால்ல டீச்சர்" என்றான் அய்யப்பன் பெரிய மனதோடு.

கார்முகில் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் மூளையில் ஏதோ ஓடியது. "டீச்சர், ஒரு சந்தேகம். இன்டர்வெல் முடிஞ்சு பொண்ணுங்க லேட்டா வாராங்கன்னு எங்களையும் சேத்து நிக்க வெச்சீங்கள்ல? அது இந்தக் கதவாலயா?"

"அப்படித்தான் போலருக்கு."

"அப்ப அது எங்க கதவுந்தான்!" என்றான் கார்முகில் ஆவேசமாக. "எங்க மாமா மூக்கன், அன்னவாசல்ல வெல்டிங் பட்டறை வெச்சிருக்காரு. நான் சொன்னாக் கூலி கொறைப்பாரு. கொறைக்கலேன்னா ஆத்தாகிட்டச் சொல்லிருவேன்."

மறுபடி ஓட்டெடுப்பு நடந்தது. இந்தத் தடவை கை தூக்கினால் போதும். இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. அய்யப்பன் மட்டும் தயங்கினான்.

"மிச்சக் காசுக்குப் பிரியாணி வருமா டீச்சர்?"

"வராது."

பெருமூச்சு விட்டுவிட்டு அவனும் கையைத் தூக்கினான்.

தலைமையாசிரியர் சம்மதம் கொடுத்தார். சனிக்கிழமை மூக்கன் வெல்டிங் சாமான்களோடு வந்தார். கதவைக் கழற்றினார், கீலை மாற்றினார், அடியில் அரித்த தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்தார். உள்பக்கம் கனமான ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தினார். கூலியோடு ஆயிரத்து நானூறு ஆனது. உண்மையிலேயே குறைத்துத்தான் வாங்கினார். மிச்சக் காசுக்கு டீச்சர் ஒரு ஃபுட்பால் வாங்கி வந்தார். இனிமேல் பெண்களுக்கும் இன்டர்வெல்லில் விளையாட நேரம் இருக்கும் என்று சரண்யா சொன்ன யோசனை அது.

ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி அம்மாவோடு பஸ்ஸில் அன்னவாசல் சந்தைக்குப் போனாள். செல்போன் கடை வந்தது. மூக்கு தானாகவே ஜன்னல் கம்பியில் போய் நசுங்கியது. ஸ்பீக்கர் அங்கேயேதான் இருந்தது. ஆசை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள், போகவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. பஸ் திரும்பியதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். கும்மிக்குக் கை தட்டினால் போதும், அதற்குத்தானே பரிசே கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை இன்டர்வெல். பெண்கள் எல்லோரும் புதுக் கதவின் முன்னால் கூடினார்கள். முதலில் யார் போவது என்று தள்ளுமுள்ளு.

"ஷர்லி போகட்டும்" என்றாள் சுடர்விழி சாதாரணமாக. "அவதான் வரிசையில முன்னாடி நிக்கிறா."

ஷர்லி உள்ளே போனாள். 'டக்' என்று தாழ்ப்பாள் விழுந்தது. பழக்கதோஷத்தில் சரண்யா கதவைப் பிடிக்கப் போய், பிறகு தானே கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை. பாட வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்று மணிக்குத் தண்ணீர் மணி அடித்தது. ஷர்லி பாட்டிலைத் தூக்கினாள், அண்ணாந்தாள். மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. தண்ணீர் பட்டாம்பூச்சியின் தலையைத் தாண்டி, சிறகைத் தாண்டி, காலுக்கும் கீழே போயிற்று. அது அன்றைக்கு இரண்டாவது பாட்டில்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாக நடந்தார்கள். சுடர்விழியின் பையில் ஒரே ஒரு கடலை உருண்டை இருந்தது. மத்தியானத்திலிருந்து அதைத் தின்னாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு தனியாகத் தின்பது நன்றாக இருக்காதே என்று, ஒரு மரியாதைக்கு நீட்டினாள். எப்படியும் வேணாம் என்றுதான் சொல்லப் போகிறாள்.

"வேணுமா?"

"வேணும்" என்றாள் ஷர்லி.

சுடர்விழியின் கை அப்படியே நின்றுவிட்டது. முதல் தடவையிலேயே சொல்லிவிட்டாள்! பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உருண்டையைச் சட்டை நுனியில் பொதிந்து, நறுக்கென்று காக்காய்க்கடி கடித்தாள். ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சின்னதாகவும் உடைந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எது வேணும்?"

ஷர்லி இரண்டையும் உற்றுப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை.

"பெருசு" என்றாள்.

"எடுத்துக்க" என்றாள் சுடர்விழி. சின்னத் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அது நன்றாகத்தான் இனித்தது.